பாட்டில் கம்பெனிப் பொண்ணு

அரியலூரிலிருந்து செந்துறைக்குப் போகும் சாயங்கால பஸ்ஸில் அம்சவள்ளிக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்தாலும் சரி. யாராவது ஒரு பொம்பளை ஆசையாக வந்து உட்காரும். ரெண்டு தரம் மூக்கை உறிஞ்சும். அம்சவள்ளியின் முகத்தைப் பார்க்கும், மடியிலிருக்கிற பையைப் பார்க்கும். அடுத்த ஊர் வருவதற்குள் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

வாடை அப்படி. அவளுக்கே அது பழகிப்போனதால் தெரிவதில்லை. காலையில் வேலைக்குள் நுழையும்போது முழங்கை வரைக்கும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கத்தியை ஸ்பிரிட்டில் முக்கி விளக்கில் காட்டி எடுக்க வேண்டும். மேசையைத் துடைக்க வேண்டும், பாட்டில் வாயைத் துடைக்க வேண்டும், மறுபடியும் கையைத் துடைக்க வேண்டும். சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் தாவணி முந்தியில் அது ஒட்டிக்கொண்டு கூடவே பஸ் ஏறும்.

கம்பெனி என்று பெயரே தவிர, அது குருநாதன் சாருடைய தாத்தா காலத்து வீடு. அவர் காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டுவிட்டு வாழைக்கன்றுகளைப் பாட்டிலில் வளர்க்கப் போகிறேன் என்று ஊருக்கு வந்தார். தூசி தும்பு துளியும் ஆகாத தொழில் அது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகிற ரோட்டோரத்தில், சிமெண்டு பறக்கிற ஊரில் வந்து அதை ஆரம்பித்தார். ஏன் சார் இங்க என்று கேட்டால், "வீடு இங்கதானம்மா இருக்கு" என்பார். ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி வைத்து, சந்து பொந்தையெல்லாம் டேப் ஒட்டி அடைத்து, உள் அறைக்குள் குளிர் மிசின் வைத்திருந்தார். எண்பத்தெட்டாம் வருசத்தில் அந்தத் தெருவில் ஒரு மனுசருக்குக் குளிர் மிசின் கிடையாது. வாழைக்கு இருந்தது.

அம்சவள்ளி திருச்சியில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். செந்துறைக்குத் தெற்கே அவள் அப்பா வைத்திலிங்கத்துக்குக் கொஞ்சம் மானாவாரிக் கொல்லையும், கிணற்றை ஒட்டி வாழை வைக்கிற அளவுக்குத் தண்ணிப் பாய்ச்சலும் இருந்தன. வேலையில் சேர்ந்த புதிதில், அப்பாவின் பூவன் தோப்பில் நல்ல தாராகத் தள்ளியிருந்த மரத்தடியிலிருந்து ஒரு பக்கக்கன்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவையும் கூட அழைத்துப் போய்க் காட்டினாள். அவர் அன்றைக்கு வந்து பொண்டாட்டி ரெங்கம்மாளிடம் சொன்ன கதை ஊரெல்லாம் சுற்றியது.

"தொடத் தண்டிக் கன்னு புள்ள அது. அதப் போட்டு உரிக்கிறா, உரிக்கிறா, வெங்காயம் உரிக்கிற மாரி உரிச்சிக்கிட்டே போறா. நான் கடைசியில என்னமோ இருக்கும்னு பாத்தா, சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளையா ஒரு துணுக்கு. அத எடுத்து ஜாம் பாட்டில்ல போட்டு மூடிட்டா. மிச்சத்தத் தூக்கி வெளிய கெடாசிட்டா. எனக்கு வயிறு பத்திக்கிச்சு."

"பாட்டிலுக்குள்ள மண்ணு போட்டாளா?"

"மண்ணாவது! கடல்பாசியக் காய்ச்சி ஊத்தி வச்சிருக்காங்க. சக்கர, உப்பு, மருந்தெல்லாம் கலந்து. பாயசம் மாரி கெட்டியா நிக்கிது. அதத் தின்னுக்கிட்டு டியூப்லைட் வெளிச்சத்துல வளருமாம். ஒன்னு ரெண்டாவுமாம், ரெண்டு நாலாவுமாம். வெட்டி வெட்டி வேற பாட்டில்ல வச்சிக்கிட்டே போனா ஒரு கன்னுலேருந்து ஒரு கொல்லைக்கே கன்னு எடுக்கலாமாம்."

"நம்மளும் ஒன்னப் பெத்தோம். ஒன்னாத்தான் இருக்கு" என்றாள் ரெங்கம்மாள்.

அந்த ஒன்றுக்குத்தான் மாசி மாசம் உடையார்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. பையன் பெயர் பழனிவேல். தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். பேச்சு கம்மி. அப்பா அய்யம்பெருமாள் முந்திரிக்கொட்டை வியாபாரி. பேச்சு முழுக்க அவருடையதுதான். அவர் வாய் ஓய்கிற நேரத்தில் மூக்கு வேலை செய்யும். மூக்குப்பொடி மட்டையை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தாரென்றால் பக்கத்திலிருப்பவர்கள் சோற்றுத் தட்டை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பொடிக்கு ஒரு காரணம் உண்டு. அவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். முந்திரி சீசனில் கை நிறையக் காசு வரும், ராத்திரிக்குள் வயிறு நிறையப் போய்விடும். ஒரு நாள் அவர் சம்சாரம் பாப்பாத்தி, உலையிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டு உடைத்தாள். "இனிமே இந்த வாடை என் மூக்குல பட்டுச்சுன்னா, ஒடைக்கப் பானை இருக்காது, சோறாக்க நானும் இருக்க மாட்டேன்" என்றாள். அன்றோடு விட்டார். கைக்கு ஏதாவது வேண்டுமே என்று பொடியைப் பிடித்தார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு வரகரிசிச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு அய்யம்பெருமாள் கேட்டார்.

"பொண்ணு அரியலூர்ல என்னா வேலை பாக்குது?"

"வாழைக் கம்பெனியில, சம்மந்தி" என்றார் வைத்திலிங்கம்.

"மண்டியா?"

வைத்திலிங்கம் வெங்காயம் உரித்த கதையைத் திரும்ப ஆரம்பித்தால் பொழுது போய்விடும் என்று நினைத்தார். "அப்புடித்தான் வச்சிக்கிங்களேன்" என்றார். சித்திரையில் பூ வைத்து நிச்சயம் பண்ணுவது என்று பேசி முடித்தார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள், பாப்பாத்திக்குச் சின்னம்மா முறையான ஒரு பொம்பளை செந்துறை பஸ்ஸில் அம்சவள்ளி பக்கத்தில் உட்கார்ந்தது. வழக்கம்போல் மூக்கை உறிஞ்சியது. ஆனால் எழுந்து போகவில்லை. பழனிவேலுக்குப் பேசியிருக்கிற பெண் என்று தெரிந்து பேச்சுக் கொடுத்தது.

"எங்கம்மா வேலை?"

"பாட்டில்ல வாழை வளக்குறோம் பெரியம்மா."

அந்தம்மாளுக்குப் பாட்டில் என்கிற சொல் மட்டும் காதில் விழுந்தது. மீதியை மூக்கு முடிவு செய்துகொண்டது. மறுநாள் அது உடையார்பாளையம் போய் பாப்பாத்தியிடம் சொன்னபோது, பெண் பிராந்தி அடைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அடைத்தது போக மிச்சத்தை வீணாக்குவதில்லை என்று ஆகியிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, "பூ வைக்கிறதக் கொஞ்சம் தள்ளி வச்சிக்கலாம்னு சொல்றாங்க" என்றார். ரொம்பவும் கேட்ட பிறகு காரணத்தைச் சொன்னார். ரெங்கம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்த கையோடு தெருவுக்கு வந்துவிட்டாள்.

"எவ சொன்னா? எம் மவ குடிக்கிறான்னு எவ சொன்னா? சொன்னவ நாக்கு அழுவிப் போவ!"

"யம்மா, உள்ள வா. ஊருக்கே நீதான் சொல்லிக் குடுக்கற" என்று அம்சவள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பை யாரும் தொடவில்லை. வைத்திலிங்கம் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த வேலைய வுட்டுடும்மா."

"வுட்டா அவங்க சொன்னது நெசம்னு ஆயிடாதாப்பா?"

"ஆவட்டும். கல்யாணம் நிக்காம இருந்தா போதும்."

"மொதல்லயே வெவரமாச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல. மண்டின்னு யாரு சொல்லச் சொன்னா?" அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "யப்பா, நம்ம பூவன்லேருந்து எடுத்த துணுக்கு இப்ப ரெண்டு தட்டு நெறயாப் பாட்டிலா நிக்கிது. ஒவ்வொன்னா நான் வெட்டி வச்சது. அடுத்த மாசம் வேர் வுடும். அத வுட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

"வாழைக்காக மாப்ளைய வுடுவியாடி?" என்றாள் ரெங்கம்மாள்.

"ரெண்டையும் வுட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். பழனிவேல் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, கிணற்று மோட்டார் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் தேஞ்சிருக்கு, பாத்துக்குங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. மாட்டிடம் கூட அதை அவள் சொல்லவில்லை.

அய்யம்பெருமாள் மோசமான மனுசர் இல்லை. ஊர்ப் பேச்சை நம்பிச் சம்பந்தத்தை முறிக்க அவருக்கு மனசில்லை. நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். முந்திரி சீசன் நேரத்தில் கொட்டை போட்டுவைக்கிற கிட்டங்கியைப் பூட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு அரியலூர் பஸ் ஏறினார். கன்று வாங்க வந்த விவசாயி போல நடிப்பது அவர் திட்டம்.

"முந்திரிக் கொல்லையில பாதிய அழிச்சிட்டு வாழை வைக்கலாம்னு இருக்கேன்" என்று அவர் சொன்னதும் குருநாதன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து கன்று கேட்டு வந்த ஆள் இவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் எல்லாரும் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள்.

"வாங்கய்யா, உள்ள வந்து பாருங்க. ஆனா உள்ள தூசி ஆகாது. கால் கழுவணும். மேலுக்கு இந்தக் கோட்டு, தலைக்குத் தொப்பி, வாய்க்கு இந்தத் துணி. பொடி மட்டைய இங்கயே வச்சிடுங்க."

அய்யம்பெருமாளுக்கு மற்றதெல்லாம் சம்மதம். பொடியை விட்டுப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. சார் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், உள்ளே எவ்வளவு நேரமாகுமோ என்று இரண்டு மூக்குக்கும் தாராளமாக ஏற்றிக்கொண்டு, மேலே துணியைக் கட்டிக்கொண்டார்.

உள்ளே ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால், வெள்ளைக் கோட்டும் தொப்பியும் வாய்த்துணியுமாக ஒரு பெண் உட்கார்ந்து பாட்டிலுக்குள் இடுக்கியை விட்டுக்கொண்டிருந்தது. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண் அவரைப் பார்த்ததும் ஒரு நிமிசம் அப்படியே நின்றது. அவர் முகம் மூடியிருந்தாலும், வெளியே கேட்ட குரலையும் தொப்பையையும் வைத்து அம்சவள்ளிக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு அவளைத் தெரியவில்லை.

சாரை வெளியே யாரோ கூப்பிட்டார்கள். "அம்மா, அய்யாவுக்கு எல்லாம் வெளக்கமாச் சொல்லு" என்று போய்விட்டார்.

அய்யம்பெருமாள் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, செந்துறைப் பக்கத்துலேருந்து ஒரு பொண்ணு இங்க வேலைக்கு வருதாமே?"

"வருதுங்க."

"ஆளு எப்புடி?"

இடுக்கி பாட்டிலிலிருந்து ஒரு பச்சைத் துளிரை மெல்ல வெளியே எடுத்தது. "வேலையில கெட்டிங்க."

"பொதுவா?"

"பொதுவா நல்ல பொண்ணுதான். வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொல்லிக்கிறாங்க."

"நானும் அப்புடித்தான் நெனச்சேன். பாக்க வந்தப்பவே கண்ணு துறுதுறுன்னு இருந்துச்சு, வாயாடியா இருக்கும்னு. அது போவட்டும்." இன்னும் குனிந்தார். "குடிக்குமா?"

"காப்பி குடிக்குங்க. டீன்னா வேணாம்னுடும்."

"அட, அது இல்லம்மா. இதெல்லாம்..." என்று மேசையிலிருந்த கிண்ணத்தைக் காட்டினார். அதில் கத்தி முக்குகிற ஸ்பிரிட் இருந்தது.

"இதக் குடிச்சா கண்ணு போயிடுங்க. இது கையத் தொடைக்கிறதுக்கு. ஒங்க கையிலயும் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு, மூச்சுல இருக்கு. ஒன்னு உள்ள போனாலும் நாலு நாள்ல பாட்டில் பூரா வெள்ளையாப் பூஞ்சை ஏறிடும். இந்தக் கன்னுக்கு அது எமன். இங்க நீட்டுங்க." அவர் கையைப் பஞ்சால் முழங்கை வரைக்கும் துடைத்துவிட்டாள். "சில்லுன்னு இருக்கா? கொஞ்ச நேரத்துல காஞ்சிடும். வாடைதான் போவாது. பஸ்ஸுல அந்தப் பொண்ணு பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்களாம், பாவம்."

அய்யம்பெருமாள் கையை மோந்து பார்த்தார். அவர் மனசு இளகியது. அடடா, இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போதுதான் பொடி வேலை செய்தது.

அது சாதாரணத் தும்மல் இல்லை. வாய்த்துணி பிய்த்துக்கொண்டு போனது. தும்மின வேகத்தில் மேசை மேல் கையை ஊன்றினார். கிண்ணம் சாய்ந்து, ஸ்பிரிட் மொத்தமும் கோட்டைத் தாண்டி, சட்டை, வேட்டி, மடி என்று பாய்ந்தது. பக்கத்திலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்சவள்ளி கத்தவில்லை. ஒரு கையால் விளக்கு மேல் மூடியைக் கவிழ்த்தாள், இன்னொரு கையை அவர் நெஞ்சில் வைத்து ஓங்கித் தள்ளினாள். அவர் சுவரில் போய் மோதி, இரண்டாம் தும்மலையும் அங்கேயே முடித்தார்.

"வேட்டி பத்தியிருந்தா என்னா ஆயிருக்கும்!" விளக்கைத் தூக்கி அப்பால் வைத்தாள். "தீயி எதுக்கால இருக்கச்ச பொடி போட்டுட்டு வருவாங்களா?"

அவள் மேசையில் திறந்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடித் தனியாக ஒதுக்கினாள். கண்ணில் தண்ணி நின்றது.

"இதெல்லாம் என்னாம்மா பண்ணுவ?"

"கொட்டிட வேண்டியதுதாங்க. ஒங்க தும்மல் முளைக்கும் இதுல."

குருநாதன் சார் ஓடி வந்து, ஆர்டர் போய்விடுமோ என்கிற பயத்தில் அவரிடமே மன்னிப்புக் கேட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

உடையார்பாளையம் பஸ்ஸில் அய்யம்பெருமாள் ஏறியதும் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பெருசு, எறங்கு. வயசான காலத்துல பட்டப்பகல்லயேவா?"

"யோவ், நான் குடிக்கல. இது வாழைக்குத் தொடைக்கிறது!"

"கேட்டீங்களா? வாழைக்காம்!" பஸ் முழுக்கச் சிரித்தது. இரக்கப்பட்ட ஒருத்தர் கடைசி சீட்டில் ஜன்னல் ஓரம் இடம் கொடுத்து, "வாந்தி வந்தா வெளிய எடுங்க" என்று தலையைப் பிடித்து வெளியே தள்ளி வைத்தார். வெயிலும் புழுதியும் முகத்தில் அடிக்க, தலையை வெளியே வைத்தபடியே அய்யம்பெருமாள் ஊர் வந்து சேர்ந்தார்.

பாப்பாத்தி வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். புருசன் தெருமுனையில் வரும்போதே காற்று முன்னால் வந்து சொல்லிவிட்டது. அவள் உள்ளே போனாள். அடுக்களையில் பானை உருளுகிற சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து பானையைப் போட்டு உடைத்தாள். பிறகு கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.

"பாப்பாத்தி, அந்தப் பொண்ணு குடிக்கல. நான் பாத்துட்டு வந்துட்டேன்!"

"அது குடிக்கலன்னுதான் நீ குடிச்சிட்டு வந்தியாய்யா?" என்றது கதவு.

அவர் கிட்டங்கியில் முந்திரிச் சாக்குகளுக்கு நடுவில் படுத்தார். காலையில் அவர் சொன்ன எதையும் பாப்பாத்தி காதில் வாங்கவில்லை. அம்மா வீட்டுக்கு வரதராஜன்பேட்டைக்குப் போகப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். பழனிவேல் தன் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் செந்துறைப் பக்கம் வந்து, வைத்திலிங்கம் வீட்டு வாசலில் நின்றான்.

"ஒரு ஒதவிங்க. அங்க ஒரு பொண்ணு, மூஞ்ச மூடிக்கிட்டு வேலை பாத்துச்சாம். அதுதான் நடந்ததப் பாத்துச்சாம். அது வந்து சொன்னாதான் அம்மா நம்பும்னு அப்பா சொல்றாரு. அது யாருன்னு..." அம்சவள்ளியைப் பார்த்து நிறுத்தினான். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"நாந்தாங்க அது" என்றாள் அம்சவள்ளி.

பழனிவேல் சிரித்ததை ரெங்கம்மாள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். இருந்தாலும் விடவில்லை. "பூ வைக்காத பொண்ணு மாப்ள வூட்டு வாசப்படி மிதிக்கிறதா? எங்கயாவது உண்டா?"

"மிதிக்க மாட்டேம்மா. வாசல்லயே நின்னு சொல்லிட்டு வரேன்." பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டாள். கூடவே, வீட்டில் காட்டவென்று கொண்டுவந்திருந்த, முன்னமே வேர்விட்ட வேறொரு பாட்டில் கன்று. பழனிவேலைப் பார்த்துச் சொன்னாள். "நடந்தத நடந்தபடி சொல்றதுக்கு வரேன். அதுக்கு ஒன்னும் கேக்கல. ஆனா இதயும் தெரிஞ்சிக்குங்க, நான் வேலைய வுடறதா இல்ல."

"நான் வுடச் சொல்லலியே" என்றான் அவன்.

பெற்றோர் இரண்டு பேரும் துணைக்கு வர, அம்சவள்ளி பஸ்ஸில் உடையார்பாளையம் போய்ச் சேர்ந்தாள். வாசலில் உடைந்த பானை ஓடு அள்ளாமல் கிடந்தது. தெருவில் அய்யம்பெருமாள் நின்றுகொண்டிருந்தார். படியில் இந்தப் பெண்ணும் ஏறவில்லை, அவராலும் ஏற முடியவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"மாமா, நேத்து மேலுக்கு ஒன்னும் ஆவலியே?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்ப நான் வாயாடின்னு சொன்னது..."

"என்னத்தான் மாமா."

பாப்பாத்தி கதவைத் திறந்து மூட்டையோடு வெளியே வந்தவள், கூட்டத்தைப் பார்த்து நின்றாள். அம்சவள்ளி நீட்டி முழக்கவில்லை. முந்தின நாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பொடி, தும்மல், கிண்ணம், விளக்கு. பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தன் கையைத் துடைத்து நீட்டினாள்.

"மோந்து பாருங்க அத்த. பஸ்ஸுல வந்தவங்க சொன்ன வாடை இதான். மாமா வேட்டியிலயும் இதான்."

பாப்பாத்தி மூட்டையைக் கீழே வைத்தாள். அந்த விசயத்தில் அவள் மூக்குக்கு இருந்த அனுபவம் அந்தத் தாலுக்காவில் யாருக்கும் இருந்திருக்காது. பெண்ணின் கையை மோந்தாள். புருசன் வேட்டித் தலைப்பை இழுத்து மோந்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதோடு விடவில்லை.

"ஊதுங்க" என்றாள் புருசனைப் பார்த்து.

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அய்யம்பெருமாள் ஊதினார். பொடி வாடை. நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடாத வயிற்று வாடை. வேறு ஒன்றுமில்லை.

பாப்பாத்தியின் முகம் மெதுவாக மாறியது. நேற்றே ஊதச் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாட்டிலைக் கையில் வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் விரல் நீளத்துக்கு இலை விரித்து, வெள்ளை நூல் போல வேர்விட்டு நின்றது கன்று.

"இது தாரு போடுமா?"

"தோப்புல வச்சா ஒங்க ஒசரத்துக்குத் தாரு போடும் அத்த."

"ம்" என்றாள் பாப்பாத்தி. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே போய் மோர் கரைத்து ஒரு செம்பில் கொண்டுவந்து, படியிலிருந்து இறங்கி, தெருவில் நின்ற அம்சவள்ளி கையில் கொடுத்தாள். வைத்திலிங்கம் அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"சம்மந்தி, வேலைய வுட்டுடச் சொல்லணும்னா..."

"நீங்க சும்மா இருங்கண்ணே. பொண்ணு வேலைக்குப் போவட்டும்" என்றாள் பாப்பாத்தி. பிறகு புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் இனிமே அந்தப் பக்கம் போவக் கூடாது."

அய்யம்பெருமாள் தலையை ஆட்டிவிட்டு, அவள் வழிவிட்ட இடத்தில் ஓரமாக ஒதுங்கி, தன் வீட்டுக்குள் போனார்.